சென்னியப்பன் நட்டு

போன மாதம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கண்ணை மூடப் போன நேரம், பட்டறையிலிருந்து போன் வந்தது. பேசியவர் அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் என்ஜினியர். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர், முகம்கூடப் பார்த்ததில்லை. எங்கள் பட்டறையில் தயாராகும் பந்தயக் கார்களை எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்துக்கொண்டிருக்கிறாராம். என்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவில் இருக்கிற தகரச் சுவரில், இடது கை ஓரமாக, ஒரு போல்ட்டும் நட்டும் இருக்கின்றன. எல்லா வண்டியிலும் இருக்கின்றன. ஆனால் எந்தச் சாமானையும் அவை தாங்கவில்லை. நட்டின் மேல் ஒரு மஞ்சள் கோடு வேறு. "இது எதுக்குங்க சார்? எடுத்துட்டா கொஞ்சம் எடையாவது குறையுமுங்க" என்றார்.

எடுக்க வேண்டாம் என்றேன். ஏன் என்றார். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்று என் தலையில் கட்டிவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். ஆனாலும் நினைத்துப் பார்க்கப் பார்க்கச் சிரிப்புதான் வந்தது, அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் துரைசாமி. கணபதியில் பிறந்து, ஐடிஐயில் ஃபிட்டர் படித்து, பம்ப்செட் கம்பெனியில் கை கறுத்தவன். கோயமுத்தூர்க்காரனுக்கு மரை என்றால் அது தண்ணீர்க் குழாயின் மரைதான். எந்த மரையைக் கண்டாலும் முதலில் சணலைச் சுற்றுவோம், பிறகு வெள்ளை டேப் வந்ததும் டேப்பைச் சுற்றினோம். நன்றாக இறுகிய பிறகும் மனத்திருப்திக்கு இன்னொரு சுற்று. இதுதான் நாங்கள் கற்ற வேதம். முன்னூறு அடி ஆழத்தில் மோட்டாரை இறக்குகிறவன் அப்படித்தான் செய்ய வேண்டும், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் கணபதியிலேயே ஒரு பட்டறையில் பந்தயக் கார் செய்ய ஆள் தேடினார்கள். லேத்தும் தெரிந்து ஃபிட்டிங்கும் தெரிந்த ஆளாக வேண்டும் என்றார்கள். எனக்குக் கார் ஓட்டவே தெரியாது. ஆனால் பம்புக்கும் காருக்கும் என்ன பெரிய வித்தியாசம், இரண்டிலும் ஏதோ ஒன்று சுற்றுகிறது, ஏதோ ஒன்று ஓடுகிறது என்று சொல்லி வேலையில் சேர்ந்துவிட்டேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் தேவசகாயம். எல்லோருக்கும் சகாயம் சார். சூலூர் விமானப்படைத் தளத்தில் விமானங்களின் எண்ணெய்க் குழாய், பெட்ரோல் குழாய் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சர்வீஸ் முடிந்து வந்தவர். என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர், ஆனால் சட்டையை இஸ்திரி போட்டு, பேனாவை ஒரே கோணத்தில் சொருகி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார். ஸ்பேனரை எடுத்தவரிடம், "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்பார். வாயால் சொன்ன பிறகுதான் கை நட்டைத் தொடலாம். சொன்னதும் செய்ததும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார். சரியான இடம் வந்ததும் "போதும்" என்பார். சத்தம் போடாமல், கண்டிக்காமல், பந்தியில் இலைக்கு முன்னால் கையைக் காட்டுகிற மாதிரி. அந்த வார்த்தையைத் தாண்டி ஒரு மயிரிழை திருப்பினாலும் மறுபடி கழற்ற வேண்டும்.

முதல் நாளே எங்களுக்குள் உரசல். பெட்ரோல் குழாயின் மரையில் சுற்றுவதற்காகப் பாக்கெட்டிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்தேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இந்த வகை ஃபிட்டிங்கில் கசிவைத் தடுப்பது மரை இல்லை, உள்ளே இருக்கும் கூம்பு. ஆண் கூம்பும் பெண் கூம்பும் முகத்தோடு முகம் பொருந்தினால் ஒரு துளி வராது. மரையின் வேலை அவை இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது மட்டும்தான். டேப் சுற்றினால் அதன் துணுக்கு பிய்ந்து போய் என்ஜினின் வாயை அடைக்கும். இதை எல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, என் டேப்பைத் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவருடைய டிபன் பாக்ஸ் திருகு மூடி வைத்தது. மதியம் பார்த்தால், அந்த மூடியின் மரையில் என் டேப்பைச் சுற்றியிருந்தார். "இது ரசத்துக்குங்க, துரைசாமி. இதுக்கு உங்க டேப்பு நெம்ப நல்லா இருக்குது" என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது.

இனி மேகலாவின் விஷயத்துக்கு வருகிறேன்.

காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்தவர் சென்னியப்பன். அவருடைய ஒரே மகள் மேகலா. மில்லின் டெம்போவைக் காட்டு ரோட்டில் ஓட்டிப் பழகி, மண் ரோட்டில் நடக்கும் பந்தயங்களில் கலந்துகொள்ளும் அளவுக்கு வந்துவிட்ட பெண். நன்றாக ஓட்டுவாள். திருப்பத்தில் வண்டி பக்கவாட்டில் சறுக்கும்போதும் அவள் முகம் கோவிலுக்குப் போகிறவள் முகம் மாதிரி அமைதியாக இருக்கும். முந்தின வருடப் பந்தயத்தில் அவளுடைய பழைய காரில் பெட்ரோலின் ரப்பர் குழாய் கிளிப்போடு கழன்று, சூடான சைலன்சர் மேல் பெட்ரோல் கொட்டித் தீப்பிடித்துவிட்டது. குதித்துத் தப்பித்தாள். புருவம் பொசுங்கியது. பக்கத்துத் தோப்பில் இருந்தவர்கள் மண்ணை வாரிப் போட்டு அணைத்தார்கள். சென்னியப்பன் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றவர்.

அந்தக் காரின் கூடு பிழைத்தது. அதில் புது என்ஜினை மாட்டித் தர வேண்டும் என்று மேகலா எங்களிடம் வந்தாள், கூடவே அப்பாவும் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பேச்சில் அவ்வளவு மரியாதை. சகாயம் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஏனுங்க சார், நான் எம் பொண்ண ஓட்ட வேண்டாம்னு சொல்ல மாட்டனுங்க. அது ஆசை. ஆனா ஒண்ணு. பெட்ரோல் வாசம் ஒருக்கா, ஒரே ஒருக்கா எம் மூக்குக்கு வந்துதுன்னா, அன்னிக்கே வண்டி பழைய இரும்புக்கடைக்குப் போயிருமுங்க. அப்பறம் அவ ஸ்டீரிங்கத் தொடக் கூடாதுங்க. அம்மணியும் ஒத்துக்கிச்சு."

மேகலா தலையை ஆட்டினாள். அப்பா வெளியே போனதும் எங்களிடம், அப்பா சொன்னால் சொன்னதுதான், மில்லிலும் அப்படித்தான் என்றாள். மில்லைப் பற்றி இன்னொன்றும் சிரித்துக்கொண்டே சொன்னாள். புதிதாக எந்த மிஷின் வந்தாலும் கடைசி நட்டை அப்பாதான் முறுக்க வேண்டுமாம். கம்பெனி ஆட்கள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு ஒன்றை மட்டும் அவருக்காக விட்டு வைப்பார்களாம். அவர் கை படாத மிஷின் அந்த மில்லில் ஓடியதில்லை. நாங்களும் கேட்டுச் சிரித்தோம், மறந்துவிட்டோம்.

என்ஜின் பம்பாய்ப் பக்கமிருந்து வந்த ஜப்பான் என்ஜின். பழைய என்ஜினுக்குக் கார்ப்பரேட்டர், பெட்ரோல் சோம்பேறித்தனமாக வழிந்து போனால் போதும். இதற்கு இன்ஜெக்ஷன். கார் டயருக்குள் இருக்கும் காற்றைவிட அதிக அழுத்தத்தில் பெட்ரோல் போக வேண்டும், மிஞ்சியது இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திரும்பி வர வேண்டும். அதனால் பழைய குழாய்களை எல்லாம் கழற்றி எறிந்தோம். டேங்கைக் கழுவி, வாய் வரைக்கும் தண்ணீர் நிரப்பி, அதற்குப் பிறகுதான் திரும்பி வரும் குழாய்க்கான முனையைப் பற்றவைத்தோம். தண்ணீர் நிரப்பாமல் டேங்கின் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுவர சகாயம் சார் விட மாட்டார்.

புதுக் குழாயும் ஃபிட்டிங்கும் மேகலாவின் மாமன் மகன் சிங்கப்பூரிலிருந்து சூட்கேஸில் கொண்டுவந்தவை. குழாய்க்கு மேலே எஃகுக் கம்பியில் பின்னல் போட்டிருந்தது. ஃபிட்டிங்குகள் அலுமினியம். நீலமும் சிவப்புமாக, வளையல் கடைச் சரக்குப் போல மின்னின. சகாயம் சார் அதில் ஒன்றைக் கையில் எடுத்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டார். விமானத்தில் இருப்பது இதே வகைதானாம்.

அந்தக் குழாயை வெட்டுவது ஒரு தனி அவஸ்தை. சும்மா ரம்பத்தை வைத்தால் பின்னல் பிரிந்து, ஒவ்வொரு கம்பியும் ஊசியாக நிமிரும். வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கிச் சுற்றி, பொடிப்பல் ரம்பத்தால் அவசரப்படாமல் அறுக்க வேண்டும். பிறகு வெளி வளையத்துக்குள் குழாயைத் திருகி ஏற்றி, உள்முனையை எண்ணெய் தடவிச் செலுத்த வேண்டும். குழாய் பின்வாங்கியதா என்று தெரிய ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாம் முடிந்ததும் உள்ளே பெட்ரோலை ஊற்றிக் கழுவி, காற்றடித்து ஊத வேண்டும். என் விரல் நுனி எல்லாம் குத்துப்பட்டு, ஒரு வாரம் சாம்பார் சாதம் பிசையவே பயமாக இருந்தது.

பெரிய சிக்கல் என்ஜினின் பக்கம் இருந்தது. ஜப்பான் என்ஜினில் பெட்ரோல் நுழையும் வாயின் மரை மில்லிமீட்டர் கணக்கு. சிங்கப்பூர் ஃபிட்டிங்கின் மரை அங்குலக் கணக்கு. இரண்டும் பார்வைக்கு ஒன்றேதான். சேர்த்துத் திருகினால் இரண்டு சுற்று உறவுக்காரன் மாதிரி உள்ளே வரும், மூன்றாவதில் முறைத்துக்கொண்டு நிற்கும். பலம் போட்டால் மரை போய்விடும், அத்தோடு அந்த என்ஜினின் வாயும் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு வேண்டும், ஒரு பக்கம் மில்லிமீட்டர் மரை, மறுபக்கம் அங்குல மரையும் கூம்பும். அது எங்கேயும் கிடைக்காது. எஃகில் நான்தான் லேத்தில் கடைந்தேன்.

கூம்பின் சரிவுதான் உயிர். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கருவி நாற்பத்தைந்து டிகிரி. இதற்கு வேண்டியது முப்பத்தேழு. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கடைந்த கூம்பின் மேல் நீல மையைப் பூசி, ஃபிட்டிங்கை மாட்டிக் கழற்றிப் பார்ப்போம். மெல்லிய கோடாக மை அழிந்திருந்தால் அது ஓரத்தில் மட்டும் தொடுகிறது, கசியும். அகலமான வளையமாக அழிந்தால் முழு முகமும் பொருந்தியிருக்கிறது. கடைந்து கடைந்து, கடைசியில் வளையம் முழுசாக விழுந்தபோது சகாயம் சார் கைகளை முதுகிலிருந்து எடுத்து என் தோளைத் தட்டினார். அந்த மனிதர் கையை எடுப்பதே அபூர்வம். எனக்கு அன்றைக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது.

இறுக்குவதற்கு அவர் முறை ஒன்றுதான். மரையில் ஒரு சொட்டு எண்ணெய். கையால் திருகி நின்றுவிடும் இடம் வரை. அதற்குப் பிறகு ஸ்பேனரால், நட்டின் ஆறு முகத்தில் ஒரு முகம் நகரும் அளவு. போதும். அலுமினியம் மெத்தென்ற சாதி, அதிகம் இறுக்கினால் கூம்பு நசுங்கி, இறுக்க இறுக்கக் கசியும். இறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் அடுத்த துண்டின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார். கோடு ஒரே நேராக இருந்தால் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். விமானப்படையில் அந்தக் கோட்டைப் பார்த்தால் ஆபீசராக இருந்தாலும் கையை எடுத்துக்கொள்வாராம்.

காற்றை அடைத்துத் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்த்தோம், ஒரு குமிழி இல்லை. வண்டியில் மாட்டி என்ஜினை ஓட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைத் துணியைச் சுற்றிப் பார்த்தோம். துணி காய்ந்தே இருந்தது. குழாயை வளைக்கும்போது சகாயம் சார் ஒரு சாண் நீளம் அதிகமாகவே விட்டிருந்தார். வீணாகத் தொங்குகிறதே என்றேன். என்ஜின் குலுங்கும்போது குழாய் அதோடு ஆட வேண்டும், இழுபடக் கூடாது என்றார்.

பந்தயம் காங்கேயத்துக்குப் பக்கத்திலேயே, மானாவாரிக் காட்டு மண் ரோட்டில். முந்தின நாள் மாலையே வண்டியைச் சென்னியப்பன் மில்லுக்குக் கொண்டுபோய் நிறுத்தினோம். பானெட்டைத் திறந்து காட்டினோம். அந்த நீலமும் சிவப்பும் பார்த்து மில் ஆட்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டு இலை போட்டார்கள். சந்தகையும் தேங்காய்ப் பாலும், கூடவே நாட்டுக்கோழிக் குழம்பும். நான் எழுந்திருக்கச் சற்று நேரம் ஆயிற்று. அதற்கு நடுவில் சென்னியப்பன் பரிமாறச் சொல்லிவிட்டு எங்கேயோ போய்விட்டு வந்தார். மில்லைச் சாத்தப் போனார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை. புறப்படுவதற்கு முன்னால் பூசை. வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. மேகலா உள்ளே உட்கார்ந்து சாவியை ஒரு கட்டம் திருப்பினாள். டேங்கின் பக்கம் பெட்ரோல் பம்ப் மெல்லிசாக ஊளையிட்டது. திறந்திருந்த பானெட்டுக்குப் பக்கத்தில் நானும் சகாயம் சாரும். எதிரே சென்னியப்பன் தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

எனக்கு வாசம் மூக்கில் ஏறி, அது என்ன என்று புத்திக்கு எட்டுவதற்குள் சகாயம் சார் நகர்ந்துவிட்டார். மேகலாவைப் பார்த்துச் சாவியை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நேரே சென்னியப்பனிடம் போனார். எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கி அணைத்துவிட்டார்.

மில் முற்றமே அசந்து நின்றது. பூசைத் தட்டில் எரியும் கற்பூரத்தை யாராவது அணைப்பார்களா? அதுவும் பந்தயத்துக்குப் போகிற நேரத்தில்? மில் ஆட்களில் ஒருவர் முன்னால் வந்தார். சகாயம் சார் நினைத்திருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். வாசம் இன்னும் சென்னியப்பனின் மூக்குவரை போகவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்ச் சரிசெய்து வந்திருக்கலாம். நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டதும் அதைத்தான்.

"பெட்ரோல் வாசம் வருதுங்க ஐயா. கசியுது" என்றார் சகாயம் சார்.

சென்னியப்பன் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். வண்டியின் அருகே வந்து மூச்சை இழுத்தார். முகம் வெளுத்துப் போயிற்று. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். தாழ்ந்த குரலில், லாரியைக் கொண்டுவரச் சொல்லுங்கப்பா, ஏத்திரலாம் என்றார். மேகலா காரிலிருந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றி இருக்கையின் மேல் வைத்தாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

சகாயம் சார் அவரிடம் கெஞ்சவில்லை. வண்டி எங்கே வேண்டுமானாலும் போகட்டும், ஆனால் எதனால் கசிந்தது என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும், அதுவரைக்கும் லாரி நிற்கட்டும் என்று கேட்டார். சென்னியப்பன் தலையை அசைத்தார்.

தேட வேண்டியதே இல்லை. நான் கடைந்த எஃகுத் துண்டின் மேல் உட்கார்ந்திருந்த நீல நட்டின் அடியில் ஈரம் மினுங்கியது. மஞ்சள் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. எஃகின் மேல் இருந்த பாதி ஓர் இடத்தில், நட்டின் மேல் இருந்த பாதி இரண்டு முகம் தள்ளி. நட்டின் நீலம் உரிந்து, பல்லால் கடித்தது போல் தழும்பு. எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. எவனோ எதிராளி புகுந்து விஷமம் செய்திருக்கிறான் என்று வாயைத் திறக்கப் போனேன். குனிந்து பார்த்தால், தழும்பின் இடுக்கில் பழுப்பாக ஏதோ பிசுக்கு. விரலில் எடுத்து முகர்ந்தேன். தேங்காய்ப் புண்ணாக்கு.

சகாயம் சாரைப் பார்த்தேன். அவரும் முகர்ந்திருந்தார். பேசாதீர்கள் என்று கண்ணால் சொன்னார். ஆனால் யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த சென்னியப்பனே அந்தத் தழும்பை அடையாளம் கண்டுவிட்டார். அவருடைய பைப் ரெஞ்சு, மில்லில் முப்பது வருடமாக அவர் கையில் இருப்பது.

"அது நானுங்க" என்றார். "நேத்து நீங்க சாப்புட்டுட்டு இருக்கறப்ப வந்து முறுக்கிப்போட்டனுங்க. கண்ணுக்குத் தெரிஞ்ச நட்டுல இதுல மட்டும் மஞ்சள் வெச்சிருந்தீங்களா, இதுதான் சாமி கும்புட்ட நட்டு, எனக்குன்னு உட்டு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சுப்போட்டேன். எம் பொண்ணு போற வண்டி, நல்லா இறுகோணும்னு மூச்சப் புடிச்சுட்டு முறுக்கினனுங்க."

சகாயம் சார் இத்தனை வருட சர்வீஸில் எதற்கும் தயாராக இருந்தவர், தன்னுடைய எச்சரிக்கைக் கோட்டை ஒருவர் பூசை மஞ்சள் என்று நினைப்பார் என்பதற்குத் தயாராக இல்லை. மேகலாதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். சென்னியப்பனால் சிரிக்க முடியவில்லை.

"வாசம் வந்தா வண்டி போகோணும்னு சொன்னவனும் நானு. வாசத்தக் கொண்டாந்தவனும் நானு. இதுக்கு என்ன கண்ணு பண்றது?" என்று மகளையே கேட்டார்.

"உங்க மூக்குக்கு முன்னாலயே சரி பண்ணட்டுமுங்கப்பா. அப்பறம் நீங்களே சொல்லுங்க" என்றாள்.

கழற்றிப் பார்த்தால், நட்டுக்குள் இருந்த அலுமினியக் கூம்பு பாவம், அப்பளம் மாதிரி நசுங்கியிருந்தது. அவர் மகள் மேல் வைத்திருந்த பாசத்தின் பலம் அவ்வளவு. எஃகுத் துண்டுக்கு ஒரு கீறலும் இல்லை. குழாயின் முனையை வெட்டிவிட்டுப் புது ஃபிட்டிங் மாட்ட வேண்டும். உபரியாக ஒன்று கையில் இருந்தது. வீணாகத் தொங்குகிறது என்று நான் சொன்ன ஒரு சாண் குழாயும் இருந்தது. ரம்பமும் இருந்தது. வெட்டும் இடத்தில் சுற்ற டேப்தான் இல்லை. பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

சகாயம் சார் ஜீப்புக்குப் போய்ச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள்ளிருந்து என் பழைய வெள்ளை டேப்பை எடுத்து மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார். அது ஒட்டாத டேப்தான், ஆனாலும் இறுக்கி இறுக்கிச் சுற்றினால் பின்னலைப் பிடித்துக்கொள்ளும். அறுத்தேன். ஒரு கம்பிகூட நிமிரவில்லை. புது முனையை ஏற்றினேன், கழுவினேன், ஊதினேன். சகாயம் சார் வழக்கப்படி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். சென்னியப்பன் காது கேட்க உரக்கச் சொன்னேன். கையால் இறுகும்வரை, அதற்குப் பிறகு ஒரு முகம். "போதும்" என்றார்.

பம்பை ஓடவிட்டு, இணைப்பின் மேல் சுற்றிய துணியைச் சென்னியப்பன் கையிலேயே கொடுத்தோம். அவர் அதை மூக்கில் வைத்து வைத்துப் பார்த்தார். துணி காய்ந்திருந்தது. இன்னொரு முறை கேட்டார், இன்னொரு துணி கொடுத்தோம். வாசம் இல்லை என்று அவர் வாயாலேயே சொன்னார். ஆனாலும் அவர் கை சும்மா இல்லை. விரல்கள் வேட்டி ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தன. கண் அந்த நீல நட்டை விட்டு நகரவில்லை.

சகாயம் சார் அதைக் கவனித்தார். பெட்டியிலிருந்து கனமான எஃகு போல்ட் ஒன்றையும் நட்டையும் தேடி எடுத்தார். தகரச் சுவரில் பழைய என்ஜினின் ஏதோ ஒரு தாங்கிக்காகப் போட்டிருந்த ஓட்டை சும்மா கிடந்தது. அதில் போல்ட்டை நுழைத்து, நட்டைக் கையால் திருகி விட்டார். பூசைத் தட்டிலிருந்து மஞ்சளைத் தொட்டு அதன் மேல் தீற்றினார். பிறகு ஒதுங்கி நின்றார்.

"ஐயா, இது உங்களுக்குங்க. நீங்க முறுக்காம வண்டி கெளம்பாது" என்றார்.

சென்னியப்பன் ரெஞ்சைக் கொண்டுவரச் சொல்லிக் கையில் வாங்கினார். தயங்கினார். எவ்வளவு முறுக்கட்டும் என்று பயந்துகொண்டே கேட்டார்.

"இதுக்குப் போதும்னு ஒண்ணு இல்லீங்க" என்றார் சகாயம் சார்.

கண்ணை மூடிக்கொண்டு, முழு பலத்தோடு முறுக்கினார் அந்த மனிதர். தகரமே முனகியது. ஏதோ முணுமுணுத்தார், சாமி பெயராக இருக்கும். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. போய்ட்டு வா கண்ணு என்றார். மேகலா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

மத்தியானத்துக்குமேல் செம்மண் தூசியோடு வண்டி திரும்பி வந்தது. முதலாவது எல்லாம் வரவில்லை. நன்றாக ஓட்டி, முழுசாக முடித்துவிட்டு வந்தாள். சென்னியப்பன் மகளைக்கூடப் பார்க்காமல் முதலில் பானெட்டைத் திறந்து மூச்சை இழுத்தார். தூசியும் சூடான எண்ணெயும்தான் மணத்தன. அதற்குப் பிறகுதான் மகளைக் கட்டிக்கொண்டார்.

அந்த வாரமே சகாயம் சார் பட்டறையில் ஓர் உத்தரவு போட்டார். இனி எச்சரிக்கைக் கோடு மஞ்சளில் கிடையாது. சிவப்பு என்று யாரோ சொல்ல, அது குங்குமம் என்று நான் தடுத்தேன். வெள்ளை, திருநீறு. கடைசியில் பச்சை என்று முடிவாயிற்று. மஞ்சள் கோடு ஒரே ஒரு நட்டுக்கு மட்டும், எல்லா வண்டியிலும், அதே இடத்தில். வண்டி வாங்க வருகிறவர்களின் அப்பா, அம்மா, மாமனார், யார் கை பரபரத்தாலும் அதைக் காட்டுவோம். பட்டறையில் அதற்குச் சென்னியப்பன் நட்டு என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆகவே தம்பி, எடையைக் குறைக்க வேண்டுமானால் வேறு இடம் பாருங்கள்.

இன்னும் ஒன்றைச் சொன்னால்தான் இது முழுமையாகும். இரண்டொரு வருடம் கழித்து மேகலாவுக்கு அடுத்த வண்டி செய்தோம். அன்றைக்குச் சகாயம் சாருக்கு அவர்கள் தேவாலயத்தில் திருவிழா, நான்தான் வண்டியைக் காங்கேயத்துக்குக் கொண்டுபோனேன். சென்னியப்பன் ரெஞ்சைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். பானெட்டைத் திறந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சகாயம் சார் சொல்வது போலவே சொல்ல ஆரம்பித்தேன். ஐயா, இதுதான் முக்கியமான நட்டு, இது இல்லாவிட்டால்...

அவர் சிரித்துக்கொண்டே என் கையைத் தொட்டு நிறுத்தினார். பக்கத்தில் மகள் இருக்கிறாளா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க துரைசாமி, முப்பது வருஷமா மில்லு ஓட்டறவனுங்க நான். அந்த நட்டு எதைத் தாங்குதுன்னு நான் கேக்க மாட்டனுங்க. நீங்களும் சொல்லிப்போடாதீங்க."

சொல்லவில்லை. ரெஞ்சின் வாயில் இருந்த புண்ணாக்கை என் துணியால் துடைத்து, அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.